இடித்த கட்டடத்துக் கிதார்



நியூயார்க்கில் பவரி என்ற பகுதியில் சினிமா இயக்குநர் ஜிம் ஜார்முஷுக்கு ஒரு மாடி வீடு இருந்தது. அதைப் புதுப்பிக்கும்போது மேலேயிருந்து பழைய பைன் உத்தரங்களை இறக்கினார்கள். இப்படி இறங்குகிற மரம் பெரும்பாலும் நேராகக் குப்பை லாரிக்குத்தான் போகும். ஜார்முஷ் அதை ரிக் கெல்லி என்ற கிதார் ஆசாரிக்குக் கொடுத்தார். கெல்லி அறுத்து இழைத்து மின் கிதாராக்கினார். அதோடு விடவில்லை. நகரத்தில் எந்தப் பழைய கட்டடத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டாலும் மரம் கேட்டு அங்கே போய் நிற்கத் தொடங்கினார். செல்சி ஹோட்டல், மதுவிலக்குக் காலத்தில் கள்ளத்தனமாக மது விற்ற சம்லீஸ், 1854-இல் திறந்ததாகச் சொல்லப்படும் மெக்சார்லிஸ் மதுக்கடை என்று பல இடத்து மரம் அவருடைய கார்மைன் தெருப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பழைய நியூயார்க்கின் எலும்புகள் என்று அவற்றைச் சொல்வார் கெல்லி.

மெக்சார்லிஸ் பற்றி இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைக்குள் 1970 வரை பெண்களை விடமாட்டார்கள். வழக்குப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. அதன் மரம் போய்ச் சேர்ந்த பட்டறையில் கெல்லிக்கு அடுத்தபடியாக உளி பிடித்தவர் சிண்டி என்ற இளம்பெண். கெல்லியிடம் தொழில் கற்று, தன் பெயரிலேயே கிதார் செய்யும் அளவுக்கு வளர்ந்தவர்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ரான் மான் எடுத்த 'கார்மைன் ஸ்ட்ரீட் கிட்டார்ஸ்' என்ற 2018-ஆம் ஆண்டு ஆவணப்படம் வழியாக. படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கடையைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். கெல்லியிடம் கைப்பேசி கிடையாது. தொண்ணூறைத் தாண்டிய அவருடைய அம்மா கடையில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கிறார். யாராவது ஒரு கிதார்க்காரர் வருகிறார், ஒன்றை எடுத்து மடியில் வைத்து வாசிக்கிறார், ஊர்க்கதை பேசுகிறார், போகிறார். லூ ரீட், பாப் டிலன், பாட்டி ஸ்மித் என்று பெரிய பெயர்களெல்லாம் கெல்லியிடம் கிதார் வாங்கியவர்கள். ஆனாலும் கடை நம் தெருமுனை சைக்கிள் கடை மாதிரிதான் நடக்கிறது. எனக்குப் படத்தில் பிடித்ததே அந்த ஒன்றும் நடக்காததுதான்.

பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. மின் கிதாருக்கு மரம் எதற்கு?

வீணையில், வயலினில் மரம்தான் பாடுகிறது. தந்தி அதிர்ந்து, அந்த அதிர்வு குடத்தையோ மேல்பலகையையோ அசைத்து, அது காற்றை அசைத்து நம் காதுக்கு வருகிறது. மின் கிதாரில் ஒலி பிறக்கிற இடமே வேறு. எஃகுத் தந்திகளுக்குக் கீழே காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி முடியைப் போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக ஓடுகிறது. இதைத்தான் பிக்-அப் என்கிறார்கள். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, செம்புச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. பிக்-அப் மைக் மாதிரி அல்ல. காற்றில் வருகிற ஒலி அதற்குக் கேட்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எஃகு எப்படி அசைகிறது என்பதுதான். மரம் அந்த அசைவைக் கொஞ்சம் உறிஞ்சலாம், கொஞ்சம் திருப்பித் தரலாம். அதற்குமேல் இந்தக் கணக்கில் மரத்துக்குப் பங்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஜிம் லில் என்ற நாஷ்வில் கிதார் கலைஞர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். இரண்டு மேசைகளுக்கு நடுவே அந்தரத்தில் தந்திகளை இழுத்துக் கட்டினார். நடுவில் உடல் இல்லை, கழுத்து இல்லை. தந்திக்குக் கீழே பிக்-அப்பை மட்டும் சரியான இடைவெளியில் வைத்தார். தன்னிடம் இருந்த விலை உயர்ந்த கிதாரோடு ஒப்பிட்டு வாசித்தார். வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது. பிக்-அப் எது, அது தந்திக்கு எவ்வளவு நெருக்கம், தந்தியின் நீளத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, இவைதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன என்று அவர் முடிவுக்கு வந்தார். இணையத்தில் மரக்கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்கள்.

கெல்லியும் மரக்கட்சிதான். பழைய பைனில் பிசின் காலப்போக்கில் இறுகிப் படிகமாகிவிடுகிறது, மரத்தின் நுண்துளைகள் திறந்துகொள்கின்றன, அதனால் நன்றாக ஒலிக்கிறது என்பது அவர் விளக்கம். காய்ந்த பழைய பலகையைத் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று கேட்பது உண்மை. அந்தக் கணீர் பிக்-அப் வழியாக எவ்வளவு வெளியே வருகிறது என்பதில்தான் சண்டை. என்னைக் கேட்டால், மிகக் கொஞ்சம். ஆனால் வாசிப்பவர் கிதாரை விலாவோடு அணைத்துப் பிடிக்கிறார். லேசான பைன் உடல் அதிரும்போது அவருக்கு அது தெரியும். தெரிந்தால் விரல் வேறு மாதிரி போகும். அதை எந்த அளவுகோலிலும் பிடிக்க முடியாது, பொய் என்றும் தள்ள முடியாது.

அப்படியானால் ஒலியைச் சொல்லிப் பழைய மரத்தை விற்க வேண்டியதே இல்லை. அதைச் சொல்லாமலே அதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆடாமல் அசையாமல் நிற்கிற குணம். புதிதாக வெட்டிய மரத்தில் ஈரம் ததும்பும். காயக் காய, ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. பலகை வளையும், முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். கிதார் செய்ய அதைச் சூளையில் வைத்து 6 முதல் 8 சதவீதம் வரை ஈரம் இறக்குவார்கள். நூற்றைம்பது வருஷம் ஒரு கட்டடத்தின் கூரைக்குள் கிடந்த உத்தரம் அத்தனை கோடையையும் குளிரையும் பார்த்துவிட்டது. வளைய வேண்டியதெல்லாம் வளைந்து, வெடிக்க வேண்டியதெல்லாம் வெடித்து முடிந்துவிட்டது. நாள்பட நாள்பட மரத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்கிற பொருளும் சிதைந்து குறைகிறது, அதனால் மழைக்காலத்தில் அது அவ்வளவாக ஊதுவதில்லை. புதுமரத்துக்கு இந்தக் குணத்தைக் கொண்டுவர இப்போது பெரிய நிறுவனங்கள் ஆக்சிஜன் புகாத அடுப்பில் மரத்தை வறுக்கின்றன. வறுத்த மேப்பிள் என்று அதற்குத் தனி விலை வைக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் காட்டில் இருக்கிறது. நியூயார்க்கின் பழைய கட்டடங்களுக்குப் பைன் மரம் வந்த இடங்களில் முக்கியமானது வடக்கே உள்ள அடிரோண்டாக் மலைக்காடு. வெட்டிய மரங்களை ஹட்சன் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். அடர்ந்த காட்டில் நிழலுக்குள் மெதுவாக வளர்ந்த மரங்கள் அவை. ஆண்டு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக இருக்கும். 1894-இல் நியூயார்க் மாநிலம் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டது, அரசுக்குச் சொந்தமான அந்தக் காடு என்றென்றைக்கும் காடாகவே இருக்கும், அதில் மரம் விற்கவோ வெட்டவோ கூடாது என்று. நல்ல காரியம். அந்தக் காட்டின் பழைய பைன் இனி வேண்டுமென்றால் ஏற்கெனவே வெட்டப்பட்டு நகரத்துக்குள் நிற்கிற மரத்தில்தான் தேட வேண்டும். கெல்லிக்குக் காடு மன்ஹாட்டன்தான்.

அந்தக் காட்டில் வளர்ந்த வெள்ளை பைனுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது, போர்க்கப்பலின் பாய்மரத் தண்டுக்கு இந்த மரத்தைத்தான் நம்பியிருந்தார்கள். 24 அங்குலத்துக்கு மேல் குறுக்களவு உள்ள பைனெல்லாம் அரசருக்கு என்று 1691-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் சாசனம் ஒதுக்கி வைத்தது. அப்படிப்பட்ட மரத்தில் கோடரியால் அம்பு மாதிரி மூன்று வெட்டுப் போட்டு அடையாளம் வைப்பார்கள். 1772-இல் நியூ ஹாம்ப்ஷயரில் வியர் என்ற ஊரில் மரமில்காரர்கள் இதை எதிர்த்துக் கிளம்பி, கைது செய்ய வந்த ஷெரீஃபைக் குச்சியால் விளாசி அனுப்பினார்கள். பாஸ்டனில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது அதற்கு அடுத்த வருஷம். தேயிலைக் கதை எல்லோருக்கும் தெரியும், பைன் கதையை யாரும் சொல்வதில்லை.

பைனில் மின் கிதார் செய்வது இன்றைய விசித்திரம் என்றும் நினைக்க வேண்டாம். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவில் 1949-ஐ ஒட்டி முதன்முதலில் சோதனைக்காகச் செய்த கட்டை கிதார்களின் உடல் பைன்தான். பின்னால் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதார் அது. அதற்கும் முன்னால், 1940-ஐ ஒட்டி, லெஸ் பால் நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் தந்தி கட்டி வாசித்தார். கட்டையைப் பார்த்த ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை. சாதாரணக் கிதார் ஒன்றை இரண்டாகப் பிளந்து கட்டையின் இரு பக்கமும் ஒட்டினார். ஒலி மாறவில்லை, கைத்தட்டல் வந்தது. மரக்கட்சிக்கும் காந்தக்கட்சிக்கும் நடுவே நான் வைக்க விரும்பும் சாட்சியம் இதுதான்.

இப்போது பலகைக்கு அருகில் போவோம். கட்டடத்திலிருந்து இறக்கிய உத்தரத்தின் மேல்தோல் கரிப்பிடித்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ரம்பத்துக்குக் கொடுக்கும் முன் முதல் வேலை ஆணி தேடுவது. உலோகம் காட்டும் கருவியை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கிற ஒரே ஒரு ஆணி போதும், இழைப்பு இயந்திரத்தின் பிளேடு பல் உடைந்து, அதன்பின் இழைக்கிற ஒவ்வொரு பலகையிலும் கோடு விழும். பிடுங்கிய ஆணியின் துளையைப் பாருங்கள். துளை சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருந்தால் அது தகட்டிலிருந்து வெட்டிய பழைய ஆணி. வட்டமாக இருந்தால் கம்பி ஆணி. அமெரிக்காவில் 1890-களை ஒட்டித்தான் கம்பி ஆணி மற்றதை ஓரங்கட்டியது. ஆகவே கட்டடத்தின் வயதை, குறைந்தபட்சம் அந்த ஆணியை அடித்த காலத்தை, துளையே சொல்லிவிடும். துளையைச் சுற்றித் துரு இறங்கிய கறை மரத்தின் ரேகையோடு நீளவாக்கில் ஓடியிருக்கும். இழைத்தாலும் அது முழுதாகப் போகாது. கெல்லியின் கிதார்களில் இந்தத் துளைகளும் வெடிப்புகளும் மறைக்கப்படாமல் அப்படியே தெரிகின்றன.

டெலிகாஸ்டர் வடிவ உடல் என்றால் பதின்மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒன்றே முக்கால் அங்குலக் கனம். இந்த அகலத்துக்கு ஒற்றைப் பலகை அகப்படுவது அரிது. இரண்டை ரேகை பார்த்துச் சேர்த்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவார்கள். பழைய பெயிண்ட் ஒட்டிய மரத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல். அதற்கு முந்தைய பெயிண்டைச் சுரண்டினால் வருகிற தூசி விஷம்.

பழைய மரத்தைத் தேர்ந்தெடுக்க மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதை விஞ்ஞானத்தில் தேட வேண்டாம், மிசிசிப்பியில் தேடலாம். கிளார்க்ஸ்டேல் ஊருக்கு வெளியே ஸ்டோவால் என்ற பருத்தித் தோட்டத்தில் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக்குடிசை இருந்தது. 1941-இல் ஆலன் லோமேக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அங்கே போய்த்தான் அவருடைய பாட்டை முதலில் பதிவு செய்தார். இரண்டு வருஷத்தில் மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார். அங்கே மின் கிதார் பிடித்து ப்ளூஸ் இசையையே மாற்றினார். குடிசை தோட்டத்தில் சிதைந்துகொண்டே இருந்தது. 1980-களின் கடைசியில் அதைப் பார்க்கப் போன ஸீஸீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ், கழன்று கிடந்த ஒரு மரத்தைக் கேட்டு வாங்கி, மெம்ஃபிஸில் ஒரு பட்டறையில் கொடுத்து மின் கிதார் செய்வித்தார். வெள்ளை உடல், அதில் மிசிசிப்பி ஆறு நீலக்கோடாக வளைந்து ஓடும். மடிவுட் என்று பெயர். அதைக் காட்டி கிளார்க்ஸ்டேலின் டெல்டா ப்ளூஸ் மியூசியத்துக்கு நிதி திரட்டினார்கள். கிதார் இப்போது அந்த மியூசியத்துக்குச் சொந்தம். மிச்சமிருந்த குடிசையும் பின்னால் அதே மியூசியத்துக்குள் வந்துவிட்டது. இந்தக் கிதாரை வாசிக்கும்போது எப்படி ஒலிக்கிறது என்று யாராவது கேட்டால் அவருக்கு விஷயம் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கதைக்காகச் செய்யாமல், கையில் காசில்லாமல் செய்த பழைய மரக் கிதாரும் உண்டு. குயீன் குழுவின் பிரையன் மே பள்ளிப் பையனாக இருந்தபோது, லண்டனுக்கு மேற்கே ஃபெல்தமில், மின்னணுத் துறையில் வேலை பார்த்த அப்பாவோடு சேர்ந்து 1963-இல் தொடங்கியது. கடைக் கிதார் வாங்க வசதியில்லை. யாரோ கழற்றிப் போட்ட கணப்படுப்பின் மேல்சட்டம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மஹோகனி, அதைச் செதுக்கிக் கழுத்தாக்கினார்கள். பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய மேசையின் ஓக். தந்தியை இறக்கி ஏற்றும் அமைப்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அதன் கைப்பிடி முனைக்கு அம்மாவின் பின்னல் ஊசி, விரற்பலகையில் இடம் காட்டும் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான். குயீனின் பாட்டுகளில் நீங்கள் கேட்கிற அந்தக் கிதார் இதுதான். 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று அவர் வாசித்ததும் இதே அடுப்புச் சட்டத்தைத்தான். ஒலிக்குக் காரணம் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்-அப்பும், அவற்றை எதிரும் புதிருமாகச் சேர்க்கிற சுவிட்சுகளும், வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரும், விரல்நடுவே பிடிக்கிற ஆறு பென்ஸ் நாணயமும் என்று தாராளமாகச் சொல்லலாம். மேசைக்கும் அடுப்புக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை.

புதுமரத்தின் நிலைமை இன்னொரு பக்கம் மோசமாகிக்கொண்டே போகிறது. ஃபெண்டர் கிதார்களின் பழைய அடையாளமான ஆஷ் மரத்தை, 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு தின்று தீர்க்கிறது. ஆசியாவிலிருந்து வந்த பூச்சி அது, கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றுவிட்டது. மிசிசிப்பி வெள்ளமும் சேர்ந்துகொள்ள, 2020-இல் ஃபெண்டர் நிறுவனம் வழக்கமான உற்பத்தியில் ஆஷைப் பெரும்பாலும் நிறுத்துவதாக அறிவித்தது. விரற்பலகைக்கு நம் தென்னிந்திய ஈட்டி மரம் உலகம் முழுக்கப் போகிறது. நீலகிரிப் பக்கம் தோதகத்தி என்பார்களே, அதேதான். பிரேசில் ஈட்டியைப் பன்னாட்டு வணிகத்தில் 1992-லேயே தடை செய்துவிட்டதால் நம் மரத்துக்குக் கிராக்கி. 2011-இல் அமெரிக்க அரசு கிப்சன் கிதார் தொழிற்சாலைக்குள் புகுந்து இந்திய ஈட்டிப் பலகைகளையும் கருங்காலியையும் அள்ளிக்கொண்டு போனது பெரிய வழக்கானது. பின்னர் இந்திய மரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் மரம் எங்கே வெட்டியது என்ற கேள்வி அன்றிலிருந்து ஒவ்வொரு கிதார்க்காரரையும் துரத்துகிறது. இடித்த கட்டடத்து மரத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு நிம்மதியாகப் பதில் சொல்ல முடியும்.

வேடிக்கை என்னவென்றால், இதே துறையில் புத்தம்புதுக் கிதாரைப் பழசாக்கியும் விற்கிறார்கள். ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் பிரிவு 1995-இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. புதுக் கிதாரின் பெயிண்டைச் சுரண்டி, இரும்பைத் துருவேற்றி, நாற்பது வருஷம் மேடையில் அடிபட்டது போல ஆக்கிக் கூடுதல் விலைக்குக் கொடுப்பார்கள். வாங்க ஆளும் உண்டு. அதனால் எச்சரிக்கை. பழைய மரம் என்று சொல்லி விற்கிற கிதாரில் ஆணித்துளையைத் துரப்பணத்தில் போடுவது ஒரு நிமிட வேலை, தேநீரில் கறை ஏற்றுவதும் அப்படியே. எந்தக் கட்டடம், எந்தத் தெரு, எப்போது இறக்கிய மரம் என்று கேளுங்கள். நேர்மையான ஆசாரி பலகையின் மிச்சத் துண்டையே எடுத்துக் காட்டுவார்.

நம் வாசகர்களில் மின் கிதார் வாசிப்பவர்கள் கணிசமாக இருப்பது எனக்குத் தெரியும். மரம் கேட்கும் என்று சத்தியம் செய்கிறவர்களும் அதில் இருப்பீர்கள். எழுதுங்கள், அடுத்த இதழில் கடிதங்களுக்கு இரண்டு பக்கம் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறோம். மரத்தின் பெயரை மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். என்ன பிக்-அப், என்ன தந்தி, எந்த ஆம்ப்ளிஃபயர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் காந்தக்கட்சிக்காரர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்